பகலில் ஒரு வாய்ச் சோறு

நூறு பேருக்குக் குறைய ஆக்க நஃப்லாவுக்குத் தெரியாது. நீராவிப்பிட்டியில் கந்தூரி, கலியாணம், கத்னா எதுவென்றாலும் அண்டாவை அடுப்பில் ஏற்ற முதல் அவளைத்தான் தேடி வருவார்கள். அவள் ஆணம் துழாவுகிற அகப்பையில் கைப்பிள்ளையைக் குளிப்பாட்டி எடுக்கலாம். புருசன் மவுத்தாகித் தனியாக இருக்கிற வீட்டிலும், ஒரு சுண்டு அரிசி எடுக்கப்போனால் கை தன்பாட்டில் மூன்று கொத்தை அள்ளிக்கொண்டு வந்துவிடும். மிச்சச் சோறு தின்று தின்று அந்த ஒழுங்கையின் கோழிகள் பறப்பதை மறந்து வாத்துமாதிரி நடை பழகியிருந்தன.

கை அப்படியென்றால் வாய் அதற்கும் மேல். நஃப்லாவின் கதையில் தூறல் கிடையாது, வெள்ளம் மட்டும்தான். சிராய்ப்புக் கிடையாது, எலும்பு தெரியும். புத்தளத்தில் அகதியாக இருந்த கொட்டிலைப் பற்றிக் கேட்டால், நுளம்பு தூக்கிக்கொண்டு போகாமல் பிள்ளைகளைக் கூரைக் கப்பில் கட்டி வைத்தோம் என்பாள். சனம் சிரிக்கும், அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஒன்றை உள்ள அளவில் சொல்வது, விருந்தாளிக்கு அரை வயிற்றுச் சோறு போடுவதுபோல அவளுக்கு மரியாதைக்கேடு.

அந்த மார்கழி மழைக்குள், தம்பி அப்துல் மஜீதின் ஐந்து மாதப் பிள்ளை ஸுஹைபுக்கு நெஞ்சில் சளி கட்டியது. மூச்சுக்கு மூச்சு விலா உள்ளே இழுக்க, உதடு நாவற்பழ நிறமாக, அம்புலன்ஸில் ஏற்றி டவுன் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு பிள்ளையை வாங்கிக்கொண்டு மூடியது. அந்தக் கதவுக்கு முன்னால் நின்று நஃப்லா இரண்டு கையையும் ஏந்தினாள். வேறொருத்தி என்றால் மூன்று நோன்பு நேர்ந்திருப்பாள், பள்ளிக்கு ஒரு தேங்காய் எண்ணெய்ப் போத்தல் சொல்லியிருப்பாள். நஃப்லாவின் நேர்ச்சையும் அண்டா அளவில்தான் வந்து விழுந்தது.

“யா அல்லாஹ், இந்தப் பிள்ளை தன்ர வாயாலை பால் குடிக்கிற நாள் வரைக்கும், எங்கட வீட்டுப் பொம்பிளையளின்ர வாயிலை பகலிலை பச்சைத் தண்ணியும் படாது. உன் மேலை சத்தியம்.”

பக்கத்தில் பிள்ளையின் உம்மா நஸ்மியா நின்றாள். ஆள் மெலிசு, குரல் அதைவிட மெலிசு. அவள் வாய் திறந்து நாலு சொல் சேர்ந்தாற்போலச் சொன்னால் அன்றைக்கு நீராவிப்பிட்டியில் பெருநாள். அவள் “ஆமீன்” என்றாள். அந்தச் சத்தத்தில் ஓர் எறும்புகூடத் திரும்பிப் பார்த்திராது. நஃப்லாவும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு கிழமையாக இதுதான் நடந்தது. சுபஹுக்கு முதலே நஃப்லாவின் குசினியில் அடுப்பு எரியும். தான் நோன்பு, வாயில் எச்சில் ஊற, உப்புப் பார்க்க ஏலாமல் மூக்காலேயே உப்புப் பார்த்து, கோழி பொரித்து, பருப்பை நெய்யில் தாளித்து, பாலூட்டுகிறவளுக்கென்று சுறாப் புட்டும் உள்ளிக் கறியும் வைத்து, வாழையிலையில் பொட்டலம் கட்டுவாள். ஒவ்வொரு பொட்டலமும் தலையணை அளவு. முதல் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவாள். பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாய்ந்த நாளில் பஸ் நின்றபோது, சேலையை முழங்காலுக்குத் தூக்கி, பொட்டலத்தைத் தலையில் வைத்து, எதிர்க்கரைக்கு நடந்தே போய்விட்டாள். வெள்ளம் கழுத்துக்கு வந்தது என்பது அவள் கணக்கு. முழங்கால் நனைந்தது உண்மை.

பொட்டலத்தை நஸ்மியாவின் கையில் கொடுத்துவிட்டு, அவள் தாய்மார் தங்கும் அறைக்குள் போகும்வரை பார்த்திருப்பாள். பிறகு கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நிற்பாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸுஹைப் கிடந்தான். வாய்க்குள் மூச்சுக் குழாய், அதை ஒட்டிக் கன்னமெல்லாம் பிளாஸ்டர். மூக்கால் இன்னொரு குழாய், நூடில்ஸ் தடிப்பில். தயாளினி மிஸி என்கிற தாதி அந்த மெல்லிய குழாயின் நுனியில் ஒரு சிரிஞ்சை மாட்டி, இழுத்துப் பார்த்து, பிறகு வெள்ளையாக எதையோ அதற்குள் ஊற்றி, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அது தானாக இறங்கும்.

முதல்நாள் தயாளினி வெளியே வந்தபோது நஃப்லா மறித்தாள்.

“மிஸி, அது என்ன மருந்து?”

“மருந்தில்லை அக்கா, பால். தாய் எடுத்துத் தந்த பால்.”

“அவ்வளவுதானோ? பூனைக்குக் கண்ணிலை விடுற மருந்தும் அதைவிடக் கூடவெல்லோ.”

“வயிறு தாங்கவேணும். மெஷின் மூச்சிலை இருக்கிற பிள்ளை. முந்தி விட்ட பால் வயித்திலை கிடக்கோ எண்டு இழுத்துப் பாத்து, இல்லையெண்டால்தான் அடுத்தது விடுவம். தாங்கத் தாங்கக் கூட்டுவம்.”

“நான் அப்பிடிப் பாக்கிறேல்லை, மிஸி. சஹன் தட்டிலை முந்தின சோறு கிடந்தாலும் மேலை கொட்டுவன்.”

“அதுதான் உங்களை உள்ளை விடுறேல்லை,” என்றாள் தயாளினி. சிரித்துவிட்டு, போகப் போனவள் நின்றாள். “அக்கா, மருந்து எங்களிட்டை இருக்கு, மெஷின் இருக்கு. இந்தப் பால் அந்தத் தாயிட்டைத்தான் இருக்கு. அவவை வடிவாப் பாருங்கோ.”

“நான் பாக்கிற பார்வையிலை அவ பால் குளமே கட்டுவா. நீங்கள் வாளி எடுத்து வையுங்கோ.”

முதல் இரண்டு நாளும் நஸ்மியா மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பால் எடுக்கிற அறைக்குப் போய் வந்தாள். கோப்பை பாதிக்கு மேல் நிறைந்து வந்தது. பிறகு பாதி. பிறகு காலுக்கு வந்து, அதற்கும் கீழே போனது. பற்றாத நேரத்துக்கு ரின் பால் கரைத்து விட்டுப் பார்த்தார்கள். அன்றைக்குப் பிள்ளையின் வயிறு தவளை வயிறுபோல ஊதிவிட்டது. சிரிஞ்சால் இழுத்தால் பச்சையாக வந்தது. பாலே வேண்டாமென்று நிற்பாட்டி வைத்தார்கள். அந்தப் பகல் முழுக்க நஃப்லா கண்ணாடியை விட்டு அசையவில்லை. தன் வாழ்நாளில் அவள் ஒருவரைப் பட்டினியாக விட்டுப் பார்த்ததில்லை. ஒரு சாண் பிள்ளை, கை முருங்கைக் குச்சி, தொடையில் தோல் மடிந்து கிடக்கிறது. அதற்கு ஒரு கரண்டி பால் கொடுக்க, ஆயிரம் பேருக்குச் சோறு ஆக்கினவளால் முடியவில்லை.

அடுத்தநாள் மறுபடி தாய்ப்பாலைக் கொஞ்சமாக விடத் தொடங்கினார்கள். வயிறு ஊதவில்லை. ஆனால் கோப்பையின் அடி நனைகிற அளவுதான் வந்தது.

“இவ சாப்பிடுறாவோ, அக்கா?” என்று தயாளினி கேட்டாள். “கேட்டால் ஓம் எண்டுறா. உதடு வெடிச்சுக் கிடக்கு.”

“சாப்பிடுறாவோ எண்டோ? நான் கொண்டுவாறது ஒரு கப்பல் சனத்துக்குக் காணும்.”

சொல்லிவிட்டு வாங்கிலில் வந்து குந்தினாள். அங்கே வீரையா இருந்தான். கனகராயன்குளத்தான், தோட்டக்காட்டில் இருந்து அவன் அப்பன் காலத்தில் வன்னிக்கு இறங்கி வந்த குடும்பம். வயல் வெட்டுகிற கூலி. வெள்ளத்துக்குள் விளையாடிய மகள் தனுஷாவுக்கு எலிக்காய்ச்சல். சிறுநீர் நின்று, உடம்பு பொங்கி, ஸுஹைபுக்கு அடுத்த கட்டிலில் கிடந்தாள். பெண்சாதி பச்சை உடம்புக்காரி, வீட்டில். வீரையா அந்த வாங்கிலிலேயே சாரத்தைப் போர்த்துக் கிடந்தான்.

“அக்கா, நேத்து உள்ளி கொஞ்சம் கூடிப்போச்சு,” என்றான்.

“எதிலை?”

“உள்ளிக் கறியிலைதான். ஆனா கோழிப் பொரியல் எண்டா, கேக்கவேணாம். எங்கட அம்மா கையிலைகூட அந்த ருசி நான் கண்டதில்லை. இந்த ஒரு கிழமைக்குள்ளை எனக்கு வயிறு வந்திருக்கு, பாருங்க.” சாரத்துக்கு மேலால் வயிற்றைத் தட்டிக் காட்டினான்.

நஃப்லாவுக்கு முதலில் சந்தோசம்தான் வந்தது. சமையலைப் புகழ்ந்தால் அவளுக்கு உலகமே தெரியாது. “கோழிக்கு மல்லியைத் தட்டிப் போடவேணும் தம்பி, அரைக்கக் கூடாது...” என்று தொடங்கியவள் நின்றாள்.

“என்ர சோறு உனக்கு எப்பிடி வந்தது?”

வீரையாவின் முகம் மாறியது. “தங்கச்சிதான் தாறது. தனக்கு வேற சாப்பாடு வருதெண்டு சொல்லிச்சு. நான் கேட்டு வாங்கேல்லை, அக்கா. தினமும் மத்தியானம் கொண்டுவந்து வச்சிட்டுப் போயிரும்.”

“தினமுமோ?”

“வந்த நாளிலை இருந்து.”

தாய்மார் அறையில் நஸ்மியா சுவரோடு சாய்ந்து இருந்தாள். பக்கத்தில் ஒரு பணிஸ் துண்டு கடுதாசியில் சுற்றிக் கிடந்தது. மஃரிபுக்கு நோன்பு திறக்க. அதுவும் வெறுந்தேத்தண்ணியும்தான் ஒரு நாளைக்கு அவளுக்குச் சாப்பாடு. நஃப்லா அதைப் பார்த்தாள்.

“ஆர் உன்னை நோன்பு பிடிக்கச் சொன்னது?”

“நீங்கதான் மதினி. எங்கட வீட்டுப் பொம்பிளையள் எண்டு சொன்னீங்க. நான் ஆமீன் சொன்னனான்.”

“அது... நான் ஒரு கதைக்குச் சொன்னது, புள்ள. பால் குடுக்கிறவளைச் சேத்தோ சொன்னது?”

“அல்லாஹ்விட்டைக் கதைக்குச் சொல்லுறதோ?”

நஃப்லா பணிஸ் துண்டைக் கையில் எடுத்தாள், திருப்பி வைத்தாள். 

“பால் வத்துது, நஸ்மியா. மிஸி கேட்டவ. ரின் பால் அவனுக்குத் தாங்கேல்லை, நீயும் பாத்தனி. இப்ப ஒரு கோப்பை தேத்தண்ணி குடி. நான் வாங்கியாறன்.”

“குடிக்க மாட்டன்.”

“நான் சொல்லுறன், குடி.”

“நான் குடிச்சு, அவன் மவுத்தானால்?” நஸ்மியா தலை நிமிர்ந்து பார்த்தாள். “மற்றப் பக்கத்துக் கட்டில்ல முந்தாநாள் ஒரு பிள்ளை போனது. போர்த்திக் கொண்டுபோகேக்கை நான் பாத்தனான். நேந்ததை முறிச்சு, என்ர பிள்ளையை அப்பிடிக் கொண்டுபோனால், நீங்க திருப்பித் தருவீங்களோ?”

நஃப்லா ஊர்ப் பள்ளி மௌலவிக்குப் போன் எடுத்தாள். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்திக் கத்திக் கதைத்தாள். மௌலவி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“ராத்தா, உங்கட நேர்ச்சை மற்றவளைக் கட்டாது. பிள்ளைக்குப் பாலில்லாமல் போகுதெண்டால் றமழான் நோன்பையே விடலாம். அவ சாப்பிடட்டும். நீங்க உங்கட சத்தியத்தை முறிக்கிறதெண்டால் ஏழையள் பத்துப் பேருக்கு வயிறாரச் சோறு குடுங்கோ.”

“பத்தோ? நான் நூறு பேருக்கு...”

“பத்துக் காணும் ராத்தா. கூட்டாதீங்கோ.”

நஸ்மியாவிடம் போனைக் கொடுத்தாள். நஸ்மியா கேட்டாள், “ஓம்” என்றாள், “சரி” என்றாள், போனைத் திருப்பித் தந்தாள். “அவர்ர பிள்ளை உள்ளை கிடக்கேல்லை,” என்றாள்.  மஜீது பின்னேரம் வந்து கெஞ்சிப் பார்த்தான். சுவரோடு கதைத்ததுபோலத்தான்.

அன்றைக்குத் திரும்பிப் போகிற பஸ்ஸில் நஃப்லா யன்னலோரம் இருந்தாள். பக்கத்தில் இருந்த மனிசி, பிள்ளைக்கு எப்படி என்று விசாரித்தாள். நஃப்லா மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நஸ்மியாவைக் குடி, தின் என்று சொன்னபோது தானும் நோன்புதான் என்பது அவளுக்கு அப்போதுதான் புத்தியில் தட்டியது. தான் விட்டுவிடலாம் என்று ஏன் தோன்றவில்லை? யோசித்துப் பார்த்தாள். பயம். அவளுக்கும் அதே பயம்தான். தன் வாயில் ஒரு சொட்டுத் தண்ணி பட்டால் அந்தக் கண்ணாடிக்கு உள்ளே ஏதோ அறுந்துவிடும் என்று அவளும் நம்பிக்கொண்டிருந்தாள். தான் பிடித்துக்கொண்டு தொங்குகிற கயிற்றை, மற்றவளை விடச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

விடிய அடுப்பு மூட்டினாள். பத்துப் பேருக்கு ஆக்குவது அவளுக்கு மலை ஏறுகிற வேலையாக இருந்தது. அரிசியை அள்ளினாள், திருப்பிக் கொட்டினாள், மறுபடி அள்ளினாள். கடைசியில் முப்பது பேருக்குக் காணுமளவில் வந்து நின்றது. அதற்குக் கீழே அந்தக் கை இறங்க மறுத்துவிட்டது. மஜீது கடை லான்ட்மாஸ்டர் உழவு மெஷினில் சட்டியையும் இரண்டு சஹனையும் ஏற்றி, தறப்பாளால் மூடிக்கொண்டு வந்தான்.

ஆஸ்பத்திரி மதிலோடு பார்வையாளர் கொட்டில். அதில் பாய் விரித்து, வண்டிச் சில்லுப் போலப் பெரிய இரண்டு சஹனையும் வைத்தாள். ஒரு சஹனில் ஆறு பேர் சுற்றியிருந்து கைபோடவேண்டும். எல்லோரும் முடிக்க முதல் ஒருவரும் எழும்புவதில்லை என்பது முறை. தீவிர சிகிச்சைப் பிரிவு வாங்கிலில் இருந்த தாய் தகப்பனையெல்லாம் கையைப் பிடித்துக் கூட்டிவந்து இருத்தினாள். வீரையா கூச்சப்பட்டுத் தூணோடு நின்றான்.

“ஒரே தட்டிலையோ அக்கா?”

“ஒரு கிழமையா என்ர மச்சாளின்ர சோத்தைத் திண்டனி. இப்ப என்ன வெக்கம்? இரு.”

“மாடு கீடு...”

“கோழிதான் ராசா. உனக்காண்டி மாட்டுக்கு விடுமுறை குடுத்திருக்கிறன்.”

வீரையா சிரித்துக்கொண்டு இருந்தான். காலையில் டொக்டர் சொன்னாராம், தனுஷாவுக்கு நின்றிருந்த சலம் கொஞ்சம் போயிருக்கென்று. அதை எல்லோருக்கும் சொன்னான். நஸ்மியாவை மஜீது தோளைப் பிடித்துக் கூட்டிவந்து அதே சஹனில் இருத்தினான். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, சோற்றைப் பார்க்காமல் மழையைப் பார்த்தாள்.

“பிஸ்மில்லாஹ், போடுங்கோ கை,” என்றாள் நஃப்லா.

பத்துக் கையும் போனது. நஃப்லாவும் இருந்தாள். உச்சி வெயில் நேரம்; வெயில்தான் இல்லை, பகல் இருந்தது. அவள் ஒரு பிடி சோற்றைப் பிசைந்தாள். வாய்க்குக் கொண்டுபோகாமல் மறுபடி பிசைந்தாள். ஆயிரம் கந்தூரியில் பிசைந்த கை. கண்ணாடிக்கு உள்ளே கிடக்கிற முருங்கைக் குச்சிக் கையை நினைத்தாள். நஸ்மியா இப்போது திரும்பி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தியை எடுத்தவளைப் பார்க்கிற பார்வை.

நஃப்லா வாயில் வைத்தாள். மென்றாள்.  தண்ணி எடுத்துக் குடித்தாள், சத்தம் கேட்கக் குடித்தாள்.

“நேந்த வாய் இதுதான், முறிச்ச வாயும் இதுதான்,” என்றாள். “வாறதெல்லாம் எனக்கு வரட்டும். நீ சாப்பிடு.”

நஸ்மியா அசையவில்லை. மற்றவர்கள் தலை குனிந்து சாப்பிட்டார்கள். வீரையா மட்டும் கதையைத் திருப்பப் பார்த்தான். “அக்கா, மகள் சுகமா வந்தா, அவளுக்கும் இப்பிடி ஒரு தட்டு...”

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு திறந்தது. தயாளினி மிஸி வெளியே வந்து, நடையைக் கடந்து, மழையில் நனைந்துகொண்டே கொட்டிலுக்கு வந்தாள். குடை எடுக்காமல் வந்தாள்.

நஸ்மியா எழும்பி நின்றாள். நஃப்லாவின் வாயில் இரண்டாவது பிடி இருந்தது. அதை விழுங்கவும் ஏலவில்லை, துப்பவும் ஏலவில்லை.

தயாளினி சஹனைச் சுற்றி இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“வீரையா அண்ணை,” என்றாள். “ஒருக்கா உள்ளை வாங்கோ.”

வீரையா அவளைப் பார்த்தான். “சலம் போனதெண்டு சொன்னாங்களே,” என்றான். தயாளினி கதவுப் பக்கம் திரும்பினாள். அவன் எழும்பினான். கை கழுவவில்லை. விரலில் ஒட்டின சோற்றோடு, கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி மழைக்குள் அவள் பின்னால் போனான்.

ஒருவர் எழும்பினால் சஹன் குழம்பிவிடும். எல்லோரும் கையை எடுத்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. நஸ்மியா முந்தி இருந்த இடத்திலேயே திரும்பப் பொத்தென்று இருந்தாள்.

“எங்கட இல்லை,” என்றாள். குரல் எங்கிருந்தோ வந்தது. “எங்கட இல்லை, மதினி.”

உள்ளேயிருந்து ஒரு ஆணின் சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாத சத்தம். பாயில் இருந்த தாய் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்தினாள். மஜீது “இன்னாலில்லாஹி” என்று முணுமுணுத்து எழும்பி அந்தப் பக்கம் ஓடினான்.

அப்போது நஸ்மியா கையைச் சோற்றில் போட்டாள். அள்ளினாள், பிசையாமல் வாயில் திணித்தாள். மறுபடி அள்ளினாள். தன் பக்கத்துச் சோறு முடிய, வீரையா விட்டுப்போன பக்கத்தில் கை வைத்தாள். கண்ணீர் சோற்றில் விழுந்தது. அதையும் சேர்த்துத் தின்றாள். எதிரில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மவுத்து விழுந்த இடத்தில் மையித்து எடுக்கும்வரை அடுப்பே மூட்டக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சட்டம் சொல்கிறவள் நஃப்லா. அவள் வாயைத் திறந்தாள்.

“தின்னு,” என்றாள்.

சட்டியை இழுத்து, மிச்சச் சோற்றைக் கையால் வழித்து அவள் முன்னால் போட்டாள். மூன்று மணிக்கு ஸுஹைபுக்குப் பால் எடுக்க இன்னும் நேரம் கிடந்தது.